சாவி யாரிடம் இருக்கிறது? விடுமுறைத் தங்கல் குறித்து ஒரு சேத்தியாத்தோப்பு ஆய்வு

1. பொருளும் களமும்

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகர மையத்தில் சில நாள் வாடகைக்கு வீடெடுத்துத் தங்குவதும், நெய்வேலி டவுன்ஷிப்பில் மாமாவின் குவார்ட்டர்ஸில் தங்குவதும் அடிப்படையில் ஒரே செயல். இரண்டிலும் அடுத்தவர் வீடு, அடுத்தவர் தலையணை, அடுத்தவர் கீசர். இருந்தும் இவ்விரண்டையும் ஒப்பிடும் துறையை எந்தப் பல்கலைக்கழகமும் தொடங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டின் மேல் விழுந்திருக்கிறது.

களம் ஏன் சேத்தியாத்தோப்பு என்று கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கவும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையும் சிதம்பரம்–விருத்தாசலம் சாலையும் இங்கே குறுக்கிடுகின்றன. நடராஜரைப் பார்க்கப் போகிறவர்கள், வடலூர் பூசத்துக்குப் போகிறவர்கள், நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், எல்லோரும் இங்கே பஸ் மாறுகிறார்கள். மாறும் இடைவெளியில் யார் வீட்டில் தங்கப் போகிறோம் என்பதைப் போனில் உரக்கச் சொல்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்திருப்பதே இவ்வாய்வின் முறை. போலந்துத் தரவு, அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெற்றோரிடம் அதே பெஞ்சில் பெறப்பட்டது.

2. உள்ளூர்ச் சாவிகளின் வகைப்பாடு

தங்கல் என்பது சாவியில் தொடங்குகிறது. நம் வட்டாரத்துச் சாவிகள் மூவகைப்படும்.

அ) இடச்சாவி. நிலைக்கு மேலே, மீட்டர் பெட்டிக்குள், துளசி மாடத்துப் பிறையில், பழைய செருப்புக்குள் இருப்பது. இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இத்தனை பேருக்குத் தெரிந்த இடத்தில் சாவி இருக்காது என்று திருடன் நம்புவதே இதன் பாதுகாப்பு.

ஆ) ஆள்சாவி. பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது. நெய்வேலி இதன் தலைநகரம். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, பல ஜில்லாக்காரர்களை வட்டம் வட்டமாகக் குடியேற்றியதில், ஒரே மாதிரி வீடுகளும் ஒரே மாதிரி வேலிகளும் அமைந்தன. ஷிஃப்டுக்குப் போகிறவர் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஊரிலிருந்து வரும் விருந்தாளி அக்காவிடம் வாங்கிக்கொள்வார். வாங்கும் முறை வருமாறு:

“யாரு வூட்டுப் புள்ள நீ?”

“சேத்தியாத்தோப்புங்க. அவரு எனக்கு மாமா.”

“பெரிய மாமாவா, சின்ன மாமாவா? ஒங்க அம்மாவுக்கு முட்டிவலின்னாங்களே, தேவலையா? ஒனக்கு வேல கெடச்சிதா? செரி, அடுப்பெல்லாம் பத்த வெக்காத. ராத்திரிக்கு இங்க வந்து ரெண்டு தோச தின்னுட்டுப் போ.”

சாவி கைக்கு வருவதற்குள் சாவி கேட்டவரின் ஜாதகமே அக்கா கைக்குப் போயிருக்கும்.

இ) சாவியிலித் தங்கல். பாட்டி எப்போதும் வீட்டில் இருப்பதால் பூட்டே இல்லாத வீடு. அருகி வரும் வகை.

3. விதி

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படும் விதி: சாவியைப் பெறும்போது கேட்கப்படும் கேள்விகளின் எண்ணிக்கை, கிடைக்கப்போகும் சாப்பாட்டுக்கு நேர் விகிதத்திலும், மன நிம்மதிக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். வேலை கிடைக்காத இளைஞர்களிடமும் கல்யாணம் ஆகாத பெண்களிடமும் விதியின் பிற்பகுதி தீவிரமாகச் செயல்படுகிறது.

4. போலந்துச் சான்று

கிராக்கோவின் பெரிய சந்தைச் சதுக்கம் 1257-இல் வகுக்கப்பட்டது. பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர். 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே பழைய நகரம் இடம்பிடித்தது. சதுக்கத்தைச் சுற்றிய தெருக்களில் நிற்கும் பழைய மாடிக் கட்டடங்களில்தான் இந்த வாடகை வீடுகள். தெருவைப் பார்த்த பெரிய கதவு, உள்ளே முற்றம், தேய்ந்த படிக்கட்டு. நம்மூர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் வரவேற்க ஒருவரும் இல்லை. சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. போனுக்கு வந்த எண்ணைத் திருகினால் பெட்டி திறக்கும், உள்ளே சாவி. கேள்விகளின் எண்ணிக்கை பூஜ்யம். விதிப்படி சாப்பாடும் பூஜ்யம்.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் சொல்லவும் ஆள் இல்லை. ஆகவே எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. சமையலறைச் சுவரில் ஒட்டிய தாளை ஒரு தந்தையார் வாய்விட்டுப் படித்திருக்கிறார்: இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது, காகிதம் நீலத் தொட்டியில், கண்ணாடி பச்சையில், பிளாஸ்டிக்கும் தகரமும் மஞ்சளில், காய்கறிக் கழிவு பழுப்பில், மிச்சம் கறுப்பில். தேங்காய் மூடியை எந்த நிறத்தில் போடுவது என்று தாளைக் கேட்க முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கியவர்களின் நிலை தனி அத்தியாயத்துக்கு உரியது. 2018 முதல் போலந்தில் ஞாயிறு வியாபாரத்துக்குப் படிப்படியாகத் தடை வந்தது. ஆண்டில் சில ஞாயிறுகள் தவிர பெரிய கடைகள் திறப்பதில்லை. ஜாப்கா போன்ற சின்னக் கடைகள்தான் கைகொடுக்கும். வீட்டில் அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாம் உண்டு, உப்பு இல்லை. கிண்ணத்தை நீட்ட வேலியும் இல்லை.

வரவேற்பறை மூலையில் பல வீடுகளில் ஓடு பதித்த உயரமான கணப்பு அடுப்பு நிற்கும். அதில் நெருப்பு மூட்டக் கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் நகருக்குள் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை. காற்று அவ்வளவு கெட்டுக் கிடந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோவைப் போட்டு அடுப்பெரித்த தலைமுறையைச் சேர்ந்த ஒரு தாயார் அந்த அடுப்பின் முன் நெடுநேரம் நின்று, “இத தூக்கிட்டா ஒரு பீரோ வெக்கலாம்” என்றாராம். போலந்தும் பழுப்பு நிலக்கரி நாடுதான். பெல்ஹாத்தோவ் அனல்மின் நிலையம் ஐரோப்பாவின் மிகப் பெரிய பழுப்பு நிலக்கரி நிலையம். ஆனால் நெய்வேலிக்காரரும் பெல்ஹாத்தோவ்காரரும் நேரில் சந்தித்து ஷிஃப்ட் கதை பேச அந்த இரும்புப் பெட்டி இடம் கொடுப்பதில்லை.

மணிக்கொரு தரம் மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள். பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். தாத்தாரியர் படையெடுப்பில், எச்சரிக்கை ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு தைத்த கதையின் நினைவாக அப்படி. இதைச் சொல்ல ஆளில்லாமல், ஊதுகிறவருக்குத்தான் மூச்சுத் திணறுகிறது என்று ஒரு தம்பதியர் ஊர் திரும்பும்வரை கவலைப்பட்டிருக்கிறார்கள்.

5. எதிர்வாதமும் பதிலும்

போலந்துக்காரர்கள் விருந்தோம்பத் தெரியாதவர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது ஆய்வு நேர்மை ஆகாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, சொல்லாமல் வரும் விருந்தாளிக்கென்று அவர்கள் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றினால் உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு தருகிறார்கள். அந்த வீடுகளில் பாட்டி இருக்கிறார். வாடகை வீட்டில் இல்லை. ஆக வேறுபாடு நாட்டைப் பொறுத்தது ஆகாது, வாடகையைப் பொறுத்தது. விசாரிக்காமல் விடுவதற்குத்தான் அங்கே பணம் கட்டுகிறோம். நெய்வேலியில் விசாரணையே வாடகை.

இரண்டுக்கும் அப்பாற்பட்ட வகை ஒன்று வடலூரில் உண்டு. 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவரிடம் எந்த ஊர், யார் வீடு என்ற கேள்வி இல்லை. சாப்பாடு மட்டும் உண்டு. நம் விதி சுக்குநூறாக உடையும் ஒரே இடம் அது. ஞானிகளுக்கு விதிவிலக்கு அளிப்பது மரபாதலால் விதியை மாற்றவில்லை.

6. தலைகீழ்ச் சோதனை

இரும்புப் பெட்டியைச் சேத்தியாத்தோப்பில் மாட்டினால் என்ன ஆகும்? வீராணம் தண்ணீரையே 2004 முதல் குழாய் வழியே சென்னை ஃபிளாட்டுகளுக்கு அனுப்பும் வட்டாரம் இது, நவீனத்துக்குப் புதிதல்ல. ஆயினும் பெட்டியின் எண் அந்த வாரமே எதிர்வீட்டு அத்தைக்குத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் சாவி பெட்டியிலிருந்து அத்தை வீட்டு ஆணிக்கு இடம்பெயரும், “மழையில துருப்புடிக்குது” என்ற காரணத்துடன். பெட்டிக்குள் சில்லறை இருக்கும்.

மாமா ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால், சொந்தக்காரர்கள் மாற்று ஏற்பாடு தேடும் காலம் எப்படியும் வரும். அப்போது இரும்புப் பெட்டி லாட்ஜ்கள் இங்கும் வரலாம். அவற்றை நடத்துவோர், பெட்டி மாட்டும் முன் அத்தையிடம் ஒப்பந்தம் போடுவது செலவைக் குறைக்கும்.

7. ஆய்வின் எல்லை

சாவி தொலைந்த நிகழ்வுகளை இக்கட்டுரை விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் குறிக்கலாம். அங்கே தொலைத்தால் தாளில் போட்டிருக்கும் கட்டணத்தைக் கட்டிவிட்டு விமானம் ஏறிவிடலாம். இங்கே தொலைத்தால் காசு கேட்க மாட்டார்கள். வீட்டில் நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும், தொலைத்தவரைப் பந்தியில் உட்கார வைத்துக்கொண்டே சொல்லுவார்கள். கட்டணத்துக்கு ரசீது உண்டு, கணக்கு முடிந்தது. கதைக்கு அப்படி எதுவும் கிடையாது.