999 வருஷ வாடகைச் சீட்டு

எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூரில் மலை கிடையாது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிக் காடு. மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் அரசியல். இங்கே உட்கார்ந்து மலைநாடுகளின் ஒத்துழைப்பைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். பக்கத்து வெலிங்டன் ஏரிக்கு வருகிற வெள்ளாற்றுத் தண்ணீர் சேலத்துப் பக்க மலைகளில் விழுந்தது. அந்த யோக்கியதை போதும்.

இந்துகுஷ், இமயமலைகளைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் எட்டு நாடுகளுக்குக் காத்மாண்டுவில் 1983 முதல் ஒரு பொது மையம் உண்டு. இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் அதில் உறுப்பினர்கள். எல்லையில் முறைத்துக்கொள்வார்கள், பனிப்பாறை உருகுவதை மட்டும் சேர்ந்து கவலைப்படுவார்கள். நம்முடைய மேற்கு மலையில் இப்படியோர் ஒத்துழைப்பு அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே நடந்தாகிவிட்டது. கவலைதான் குறைவு, கறார் அதிகம்.

பெரியாறு திருவிதாங்கூர் மலையில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்கு ஓடுகிறது. கிழக்கே மதுரையும் ராமநாதபுரமும் வாயைப் பிளந்து கிடக்கின்றன. ஆற்றை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்குத் தோன்றியது. ஆளனுப்பிப் பார்த்தார். செலவைக் கேட்டதும் ஆசை அடங்கியது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை, இனி யாரும் இதைப் பேசவே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். 1850இல் கேப்டன் ஃபேபர் சின்னதாக ஓர் அணை கட்ட ஆரம்பித்தார். காய்ச்சல் வந்து எல்லாரையும் இறக்கிவிட்டது. கோப்பு தூங்கியது. 1876-78 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்த பிறகுதான் சர்க்காருக்கு விழிப்பு வந்தது.

திருவிதாங்கூருக்கு என்ன அவசரம்? மழைக்குப் பஞ்சமில்லாத ராஜ்ஜியம். ஆற்றைப் பெண் கேட்டு வந்தவர்களைத் திண்ணையிலேயே உட்காரவைத்து வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் 1886 அக்டோபர் 29ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. திருவிதாங்கூர் சார்பில் போட்டவர் திவான் வேம்பாக்கம் ராமய்யங்கார். மனிதர் அதற்குமுன் சென்னை சர்க்காரிடம் சம்பளம் வாங்கியவர்! இரண்டு வீட்டுச் சமையலும் தெரிந்தவர் பந்தியில் பரிமாறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகை 999 வருஷத்துக்கு. அணைக்கும் தண்ணீர் தேங்கவும் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். அதையும் வெள்ளைக்காரன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. மகாராஜா வருஷாவருஷம் கட்டவேண்டிய கப்பத்தில் கழித்துக்கொண்டான். குத்தகை முடிந்தால் இன்னொரு 999 வருஷம் நீட்டிக்கலாம் என்றும் ஒரு ஷரத்து. இந்த முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும். எழுதி வாங்கியவன் 61 வருஷத்தில் மூட்டை கட்டினான். எழுதிக்கொடுத்த ராஜ்ஜியம் 1949இல் கொச்சியோடு கலந்து, 1956இல் கேரளமானது. காகிதம் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது.

1887இல் வேலை தொடங்கி, வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் மல்லுக்கட்டி, 1895இல் அணை நின்றது. தேனிப் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் அதைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக், பொங்கல் வைத்தாலும் பென்னிகுயிக். மலையில் செத்த கூலிக்காரர்களுக்குப் பொங்கல் வைக்க ஆளில்லை.

பாசனத்துக்கென்று வாங்கிய தண்ணீரில் கரண்டும் எடுக்கலாமா என்று அடுத்த சண்டை. 1941இல் நடுவர் தீர்ப்பு சென்னைக்கு எதிராகப் போனது. சுதந்திரம் வந்தது, மொழிவாரி மாநிலம் வந்தது, சண்டை மட்டும் போகவில்லை. 1970இல் ஒருவழியாகச் சமாதானம். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது; அதற்கு 84 வருஷம் பிடித்தது. தமிழ்நாட்டுக்குக் கரண்ட் எடுக்கும் உரிமை, கேரளத்துக்கு மீன்பிடி உரிமை. ஆக, தண்ணீர் நமக்கு, அதில் நீந்துகிற மீன் அவர்களுக்கு. தண்ணீரைக் கொண்டுவர மலையில் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே தப்பி வருகிற மீன் யாருடைய பிரஜை என்பதைத்தான் இன்னும் எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.