விண்ணப்பதாரர் யார்? இணைய அனுமதிப் பெட்டி குறித்த ஓர் ஆய்வு

கணினித் திரையில் திடீரென ஒரு பெட்டி எழுகிறது. பெயர் கேள்விப்படாத ஒரு புரோகிராம் நெட்வொர்க்கில் நுழைய அனுமதி கேட்கிறது. இதற்கு மக்கள் அளித்துவரும் விடைகளை எவரும் முறையாக வகுத்துரைக்காதது அறிவுலகுக்கு இழுக்கு. அதைத் துடைக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை விண்டோஸ் மட்டும். மேக் வைத்திருப்போர் வழக்கமான பெருமிதத்தோடு ஒதுங்கியிருக்கலாம்.

முதலில் பரபக்கம். இவ்விஷயத்தில் மூன்று மதத்தார் உளர். பெட்டி முழுதாகத் தெரியுமுன்பே ‘அலவ்’ அழுத்துவோர் ஒரு சாரார். கிரிக்கெட் நேரத்தில் இவர்கள் தொகை பெருகும். எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுவோர் இன்னொரு சாரார். மூன்றாமவர் ‘கேன்சல்’ மதத்தார். நாம் எதுவும் சொல்லவில்லை, விலகிக்கொண்டோம் என்பது இவர்களின் நம்பிக்கை. பாவம்! விண்டோஸ் ஃபயர்வால் கேன்சலையும் மறுப்பாகவே கொள்கிறது. பொதுவாக டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என இரண்டு தடைவிதிகளைச் சத்தமின்றி எழுதிவைத்துவிடும். ஆக, பிரிண்டர் இவர்களுக்கும் வேலை செய்யாது.

இன்னொன்று. 2004இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து கேட்காமலே காவலுக்கு நிற்கும் இந்த ஃபயர்வால், வெளித்தொடர்பை ஏற்கக் காத்திருக்கும் புரோகிராமைப் பற்றித்தான் நம்மிடம் கேட்கும். தானாக வெளியே கிளம்புவதை, நாம் தனியே விதி எழுதாதவரை, கண்டுகொள்ளாது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் உள்ளே வருபவரிடம் ரிஜிஸ்டரை நீட்டுவார். டிவியைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு கேட்டைத் திறந்துவிடுவார். போகிறவரையும் மறித்துக் கேட்டவை ஸோன்அலாரம் முதலிய பிறர் ஃபயர்வால்கள். அவை கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையே முதல் மதத்தை வளர்த்தது என்பது எம் துணிபு.

இனி சுபக்கம். பெயரைக் கொண்டு ஆளை எடைபோடலாகாது. ‘எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர்’ என்றொன்று உண்டு. சில பதிப்புகளில் சர்வீஸ் பட்டியலில் ## என்று தொடங்கி எண்ணும் எழுத்துமாய் நீளும் பெயரோடு நின்று, பார்த்தவர் வயிற்றைக் கலக்கியது. உண்மையில் அது ஆப்பிளின் போன்ஷூர். ஐடியூன்ஸோடு வந்திறங்கி, யுடிபி 5353 வழியே வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா என்று விசாரிக்கும் சாது. அழைக்காமல் வந்ததே அதன் குற்றம்.

கள்ளர்களோ கௌரவமான பெயர்களையே சூடுவர். ‘எஸ்விசிஹோஸ்ட்’ விண்டோஸ் சேவைகளைச் சுமக்கும் பொதுப்பெயர். 2017 முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள விண்டோஸ் 10 கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனியே பிரிந்துவிட்டதால், டாஸ்க் மேனேஜரில் அதே பெயர் டஜன் கணக்கில் நிற்கும். அக்கூட்டத்தில் வியும் சியும் இடம்மாறி ‘எஸ்சிவிஹோஸ்ட்’ ஒருவர் நின்றால் யார் பார்ப்பது? ‘எல்சாஸ்’ என்ற இன்னொரு விண்டோஸ் புரோகிராம் பெயரில் சின்ன எல்லுக்குப் பதில் பெரிய ஐ போட்டவரும் உளர். இவற்றைப் பாடவேறுபாடு என்று விட்டுவிட்டால் பாஸ்வேர்டு போகும்.

ஆகவே பெயரினும் ஊரே பிரமாணம். டாஸ்க் மேனேஜரில் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்தால் ஊர் தெரியும். அசல் எஸ்விசிஹோஸ்டின் வழக்கமான ஊர் சிஸ்டம்32. டெம்ப் ஃபோல்டரில் குடியிருந்துகொண்டு அப்பெயர் சொன்னால் ஆள்மாறாட்டம். ஐயம் தீராதவர்கள் பிராசஸ் எக்ஸ்புளோரரில் பெற்றவரையும் (அதை இயக்கிவிட்ட புரோகிராமையும்) கையொப்பத்தையும் பார்க்கலாம்.

இச்சித்தாந்தத்துக்கு ஒரு தடை உண்டு. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற கணினிப்புழு, அசல் எஸ்விசிஹோஸ்டின் தோளிலேயே ஒரு சேவையாக ஏறி உட்கார்ந்தது. ஊர் சரி, பெற்றவர் சரி, கையொப்பமும் சரி. ஏறியிருந்த டிஎல்எல் மட்டும் திருட்டு. இதை மறுக்க வேண்டுமாயின் ‘டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி’ அடித்து, ஒவ்வொரு எஸ்விசிஹோஸ்டும் எந்தெந்தச் சேவையைச் சுமக்கிறது என்று வரிவரியாக வாசிக்க வேண்டும். அப்பட்டியலில் வரும் பெயர்களும் பெரும்பாலும் கேள்விப்படாதவையே.