திருட்டு மூச்சு

கைலியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அரை டிரவுசரோடு நின்றால் அவன் கபடி ஆட்டக்காரன். சட்டையையும் கழற்றித் தொடையில் ஓங்கித் தட்டினால் நட்சத்திர ஆட்டக்காரன். எங்கள் ஊரில் தகுதித் தேர்வு அவ்வளவுதான். அந்த நட்சத்திரக் கூட்டத்தில் நானும் ஒருவன். இடது கார்னரில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது என் உத்தியோகம். பிடித்துப் பழகிய நேரத்தைவிட, உள்ளங்கையைக் குவித்துத் தட்டினால் தொடையில் சத்தம் கூடுதலாக வருமா என்று வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று சோதித்துப் பார்த்த நேரம்தான் அதிகம். வரும். இன்றைக்கும் எனக்கு அது கைவந்த கலை. வீட்டில்தான் தட்ட விடுவதில்லை.

ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. எங்களுக்கு அது யார் காலால் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வருகிற அணியில் மின்னலாகப் பாடுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று துப்புக் கிடைத்துவிட்டால், ஊரிலேயே குட்டையான மாமாவைக் கூப்பிட்டு, மரியாதையாக அளக்கச் சொல்வோம். களம் சுருங்கிவிடும், மின்னலுக்கு ஓட இடம் இருக்காது. கோயில் கொடைக்கு நாலு நாள் முன்பே களத்தில் கல் பொறுக்கி, மணல் அடித்து, ஆசாரி பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து கலந்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் சுண்ணாம்பில் கோடு போட்டு முடித்தவுடன் அந்த ஈர மண்ணில் வெறுங்காலை வைக்கிற சுகம் இருக்கிறதே, அதை இப்போதுள்ள ரப்பர் பாயில் ஷூ மாட்டி ஆடுகிற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால், “முட்டி தேயாதுல்ல தாத்தா” என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். என் முட்டியைக் கேட்டால் அதுவும் பிள்ளைகள் பக்கம்தான் பேசும்.

இப்போது ஒரு ரைடுக்கு 30 விநாடி. பலகையில் எண் ஓடுகிறது, ஓடி முடிந்தால் கதை முடிந்தது. அப்போது மூச்சுதான் கடிகாரம். நடுக்கோட்டைத் தாண்டும்போது இழுத்த மூச்சு திரும்பி வந்து கோட்டைத் தொடும்வரை தாங்க வேண்டும். நடுவில் பாட்டு அறுந்தால் அவுட். எங்கள் முதல் ரைடர் என் பெரியப்பா மகன். பீடி கையைவிட்டு இறங்காத அந்த அண்ணனின் நெஞ்சில் இவ்வளவு மூச்சு எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். கூட ஆடிய எங்களுக்குத் தெரியும். எதிரணியின் மூலைக்குப் போனதும் முகத்தைச் சட்டென்று ஒருபக்கம் திருப்பி, காலால் தரையை ஓங்கி உதைத்துப் புழுதியைக் கிளப்பி, அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஒரு வாய் காற்றை உள்ளே இழுத்துவிடுவார். கபடி, கபடி என்கிற வரிசையில் ஒரே ஒரு ‘க’ மட்டும் காணாமல் போயிருக்கும். அந்தக் ‘க’வைத் தேடி, காதை நீட்டிக் குனிந்தபடியே நடுவர் கோட்டோரமாகக் கூடவே ஓடுவார். திருடனும் போலீஸும் ஒரே மூச்சில் ஓடுகிற மாதிரி இருக்கும். கூட்டம் வந்ததே பாதி இதைப் பார்க்கத்தான் என்பேன். கபடி கபடி என்று பாட வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. மைக்கும் பாட்டும் போடுகிற இரைச்சலில் யார் பாடினார், யார் விட்டார் என்று தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

தகராறும் போய்விட்டது. கை பட்டதா, படவில்லையா என்று ஒரு மணி நேரம் ஆட்டம் நின்று, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் களத்துக்குள் இறங்கி, பழைய வரப்புச் சண்டை ஒன்று அதற்குள் கிளம்பி, டீ வந்து, அது ஆறி, கடைசியில் “புதுப் பாட்டு போடுங்கப்பா” என்று முடியும். இப்போது கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் தீர்ப்பு. சரியான தீர்ப்புதான், ஆனால் டீ கிடையாது.

எடைப் பிரிவுப் போட்டி என்றால் முதல் நாளிலிருந்தே பட்டினி. அரிசி மில் தராசில் ஒவ்வொருவராக ஏறி, முள் கொஞ்சம் மிஞ்சினால் இறங்கி, மில்லைச் சுற்றி ஓடி, எச்சிலைத் துப்பித் துப்பி மறுபடி ஏறுவோம். தேறியதும் நேரே பரோட்டா கடை. ஆட்டம் தொடங்கும்போது எந்தப் பிரிவில் இருந்தோம் என்பது பரோட்டாவுக்குத்தான் தெரியும். பரிசாக ஆடு கிடைத்தால் அது விடிவதைப் பார்க்காது. விரல் பிசகினால் வைத்தியர் உளுத்தமாவை முட்டை வெள்ளையில் குழைத்துப் பற்றுப் போட்டுக் கட்டுவார். அந்தக் கட்டோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பது கோப்பையை வாங்கியதைவிடப் பெருமை, யாராவது என்ன ஆச்சு என்று கேட்டே தீருவார்கள் அல்லவா.

எங்களைப் போலவே மண்ணில் புரண்டவர்தான் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருதும் வாங்கினார். எங்கள் டீக்கடையில் அன்று எல்லோருமே அவரோடு ஒரு முறையாவது ஆடியிருந்தார்கள். 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’ படம் வந்தபோது எங்கள் கதையைத் திருடிவிட்டார்கள் என்று அதே டீக்கடை கொந்தளித்தது. அது தோற்றுக்கொண்டே இருந்த அணியின் கதை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

2014இல் புரோ கபடி லீக் வந்தது, 2017இல் அதில் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. 2018 லீக் ஏலத்தில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி ஒரு கோடி ரூபாய்க்குப் போனார். அவரும் இடது கார்னர்! அதே மூலைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு டீயும் பன்னும், ஜெயித்தால் பன்னில் வெண்ணெய். அந்த வருடமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஈரான் இந்தியாவைக் கணுக்காலோடு இழுத்துப் போட்டது. என் வருத்தத்தில் ஒரு துளி தொழில்முறைத் திருப்தியும் கலந்திருந்தது.

அண்ணன் பேரன் இப்போது மாவட்ட அணியில் ஆடுகிறான். பீடி கிடையாது, முளைகட்டிய பயறு, செல்போனில் எதிரணியின் வீடியோ. “சின்ன தாத்தா, மூணு பேர் மிச்சம் இருக்கும்போது பிடிச்சா கூடுதலா ஒரு பாயிண்ட், சூப்பர் டேக்கிள், உங்க காலத்துல உண்டா?” என்று கேட்டான். “எங்க காலத்துல மூணு பேர் மிச்சம்னா மத்த நாலு பேரும் லாரியில இடம் பிடிக்கப் போயிருப்பாங்கடா” என்றேன்.

உங்கள் ஊரிலும் என்னைப் போல் ஒருவர் இருப்பார். டீக்கடை பெஞ்சில், ஒரு விரல் மட்டும் நேராக நிமிராமல். கோப்பையைத் தூக்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். ஸ்கோரை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.