அல்சாஸில் வனத்து அந்தோணியார்

பாசல், சுவிட்சர்லாந்து.

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

"போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை, தங்கச்சி அங்கே என்ன பண்ணுகிறாள் என்று விவரமாக எழுதிப் போடு" என்றீர்களே, எழுதுகிறேன். தபாலில் சேர்க்கும் முன் தனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. படிக்கும்போது சில வரிகளை விழுங்கிவிடுவேன். நீங்கள் முழுசாகப் படியுங்கள்.

இந்த நாட்டின் மேல் அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். பால் பிடித்திருக்கிறது, பஸ் பிடித்திருக்கிறது, கோயில்தான் காலியாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெஞ்சுக்கு ஒரு ஆள்கூட இல்லை. "சாமியார் பாவம்டா, யாருக்குப் பிரசங்கம் வைக்கிறார்?" என்று வீடு வரும்வரை புலம்பல். கூட்டமுள்ள கோயில் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் போன சனிக்கிழமை பிரான்சில் உள்ள கொல்மார் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பாசலிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வேறு நாடு என்று சொன்னதால் அம்மா பாஸ்போர்ட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. "பார்டர் எங்கேடா?" என்றார். "போயிருச்சும்மா" என்றேன். முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து ஒரு முத்திரைகூட விழவில்லையே என்ற வருத்தம். ஆனால் இந்த அல்சாஸ் பக்கத்து எல்லை லேசுப்பட்டதல்ல. 1871இல் ஜெர்மனி கையில் போய், 1918இல் பிரான்சுக்குத் திரும்பி, 1940இல் மறுபடி ஜெர்மனி, 1945இல் மறுபடி பிரான்ஸ். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே ஒரு கிழவி நான்கு தடவை நாடு மாறியிருப்பாள் என்றேன். "ரேஷன் கார்டுக்கு எத்தனை தடவை அலைஞ்சாளோ" என்றார் அம்மா.

டிக்கெட் விலையை ரூபாயில் சொல்லக் கூடாது என்று என் மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். சொல்லவில்லை. அம்மாவே தோராயமாகக் கணக்குப் போட்டுவிட்டு, சிறிது நேரம் யாரோடும் பேசவில்லை.

மியூசியத்தின் பெயர் உன்டர்லிண்டன். முன்பு அது தொமினிக் சபைக் கன்னியர் மடம். 13ஆம் நூற்றாண்டில் இரண்டு விதவைகள் சேர்ந்து தொடங்கியது. இரண்டு பேருக்கும் ஆக்னஸ் என்றே பெயர். 1269இல் கோயிலை அபிஷேகம் செய்துவைத்தவர் புனிதர் பெரிய ஆல்பர்ட். விதவைகள் மடம் கட்டியதைக் கேட்டதும் அம்மா நின்றுவிட்டார். "அக்காவும் நானும் அந்தக் காலத்தில இருந்திருந்தா ஒரு மடம் கட்டியிருப்போம்டா" என்றார். மதர் சுப்பீரியர் யார் என்று கேட்டேன். "நான்தான். அக்காவுக்குக் கோபம் ஜாஸ்தி, சிஸ்டருங்க ஓடிப்போயிருவாளுங்க." (இது விழுங்க வேண்டிய வரிகளில் ஒன்று.)

அந்த மடத்திலிருந்த காதரீன் என்ற சிஸ்டர், தன்னோடு வாழ்ந்தவர்களின் ஜெபம், தபசு, கண்ட காட்சிகள் எல்லாவற்றையும் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறாராம். நம்ம ஊர் மடத்தைப் பற்றி எழுதினால் எத்தனை புத்தகம் வரும் என்று அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சியில் சிஸ்டர்களை வெளியேற்றினார்கள். பின்னால் குதிரைப்படை குடியேறியது. ஊர் ஆவணக் காப்பாளர் லூயி உகோ என்பவர் 1847இல் ஒரு சங்கம் வைத்துக் கட்டடத்தைக் காப்பாற்ற, 1853இல் மியூசியமாகத் திறந்தார்கள். நடுவில் முற்றம், நாலு பக்கமும் வளைவு வளைவாகக் கல்தாழ்வாரம். நல்ல காற்று. அம்மா அங்கேயே உட்கார்ந்து ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்தது கோயில். உங்கள் தங்கை வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டார். பட்டுச்சேலை, மேலே ஜெர்கின், காலில் சாக்ஸ். காவலர் ஓடிவந்து, போட்டுக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டினார். அவரும் பதிலுக்குச் சிலுவை போட்டார். விஷயம் சுமுகமாக முடிந்தது.

உள்ளே இருப்பதுதான் இசன்ஹைம் பீடம். தெற்கே கொஞ்ச தூரத்தில், இசன்ஹைம் ஊரில், அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய மடத்துக்காக 1512க்கும் 1516க்கும் நடுவில் மத்தியாஸ் குரூனவால்ட் வரைந்தது. அங்கே ஒரு வியாதிக்கு வைத்தியம் பார்த்தார்கள்; அது தானியத்திலிருந்து வந்தது. பெரியம்மா, பெரியப்பா கம்பு போட்ட வருஷங்களில் கதிரில் தேன் ஒழுகல் நோய் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த நோயைக் கொண்டுவரும் பூஞ்சையின் பங்காளி ஒன்று இங்கே ரை தானியத்தில் வரும். கறுத்த மணியோடு சேர்த்து அரைத்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற ஏழைகளுக்குக் கைகால் நெருப்பாக எரியும், விரல் கறுத்து உதிரும், சிலருக்குப் பேய்கள் கண்ணில் தெரியும். அந்தோணியார் நெருப்பு என்றார்கள். துறவிகள் நல்ல ரொட்டியும், புனிதரின் எலும்பில் ஊற்றியெடுத்த திராட்சரசமும், களிம்பும் கொடுத்தார்கள். அழுகிய கைகாலை வெட்டியும் எடுத்தார்கள். இதே பூஞ்சைச் சரக்கிலிருந்துதான் 1938இல் எங்கள் பாசல் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோஃப்மன் எல்.எஸ்.டி.யை உண்டாக்கினார். 1943இல் தானே அதை விழுங்கிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பியது தனிக் கதை. அதை நேரில் வந்து சொல்கிறேன்.

சிலுவையில் தொங்கும் ஆண்டவர் நாம் காலண்டரில் பார்க்கிறவர் அல்ல. உடம்பு பச்சை பாரித்து, தோலெங்கும் முள் குத்திப் புண், விரல்கள் விறைத்து விரிந்திருக்கின்றன. பக்கத்தில் நின்றவர்கள் காதில் கருவியை வைத்து விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் கருவி இல்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "நோயாளிங்களுக்காக வரைஞ்சதுடா இது. ஆண்டவருக்கே இப்படின்னா நமக்கென்னன்னு மனசு ஆறும்" என்றார். அந்த நோயைப் பற்றி நான் அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொன்னேன்.

முன்னே இந்தப் பீடத்துக்கு அலமாரிக் கதவு மாதிரி இரண்டு அடுக்கு இறக்கைகள் இருந்தன. சாதாரண நாளில் மூடியிருக்கும், திருநாளுக்கேற்ப திறப்பார்கள். இப்போது பலகைகளைத் தனித்தனியாகப் பிரித்து வரிசையாக நிறுத்தியிருப்பதால் பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வசதிதான். ஆனால் காத்திருந்து, கதவு திறந்து பார்த்தவன் அடைந்த சந்தோஷம் எங்களுக்குக் கிடையாது.

கிறிஸ்துமஸ் பலகையில் மாதா பாலனைக் கிழிந்த துணியில் ஏந்தியிருக்கிறார். பக்கத்தில் தொட்டில், குளிப்பாட்டும் தொட்டி, கூடவே ஒரு மூத்திரச் சட்டி. "பிள்ளை பெத்த வீட்டைப் பார்த்தவன்தான் வரைஞ்சிருக்கான்" என்று அம்மா பாஸ் மார்க் போட்டார்.

கடைசியாக நம்ம வனத்து அந்தோணியார், நிக்கோலஸ் ஹாகனவர் செதுக்கிய மரச்சிற்பமாக, தாடியோடு ராஜா கணக்காக உட்கார்ந்திருக்கிறார். காலடியில் இரண்டு பேர் காணிக்கையோடு இருக்கிறார்கள்: ஒருவரிடம் சேவல், ஒருவரிடம் பன்றிக்குட்டி. அந்தச் சபையாரின் பன்றிகள் கழுத்தில் மணியோடு ஊருக்குள் இஷ்டம்போல் திரியலாம் என்று சலுகையே இருந்தது. ஜனவரி 17இல் நம்ம பக்கம் மாட்டுக்குத் தீர்த்தம் தெளித்து ஜல்லிக்கட்டு விடுகிறோமே, அதே அந்தோணியார்தான். 500 வருஷத்து அந்தச் சேவலைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. முழங்கால் வலி தீர வேண்டுமென்று அங்கேயே நேர்ந்துகொண்டார்.

2015இல் கட்டி முடித்த புதுப் பகுதியை எங்கள் பாசல்காரர்களான ஹெர்சோக், த மியூரோன் வடிவமைத்திருக்கிறார்கள். பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியத்தைத் திரைச்சீலையாக நெய்ததும் மியூசியத்தில் உண்டு. அம்மா அதற்குள் பசி என்றுவிட்டார்.

ஆக, நேர்ச்சை பாக்கியிருக்கிறது. மியூசியத்தில் சேவல் வாங்கமாட்டார்கள். வரும் திருநாளுக்குக் கோயிலில் ஒரு நல்ல சேவலாகக் கட்டிவிடுங்கள். அண்ணன் கணக்குக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். ஏலத்தில் அதை அண்ணனே எடுத்துக் குழம்பு வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்