மாரியாத்தாவுக்குப் போன எதிர்மனு

மழைக்கடவுள் உத்தியோகம் எந்தக் காலத்திலும் நிம்மதியாக இருந்ததில்லை. பெய்தால் நாலு பேர் திட்டுவார்கள், பெய்யாவிட்டால் ஊரே திட்டும். ஆனால் உலகத்து மழைத் தெய்வங்கள் பட்ட பாட்டையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், மலாக்காவின் ஜாசின் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் நம்முடைய மாரியம்மன் பட்ட பாட்டுக்குக் கிட்டே வராது. செர்காம், மெர்லிமாவ், கெமண்டோர், டைமண்ட் ஜூபிலி என்று இந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதை ஒன்றுதான். மழைக்கென்றே இருக்கிற ஆத்தா முன்னால் கைகூப்பி நின்று, “தாயே, இன்னிக்கு மட்டும் பெய்யாம பாத்துக்க” என்று வேண்டிய ஜனம் நாங்கள்.

பழைய வழக்கு ஒன்றை முதலில் பார்த்துவிடலாம். எதிர்வாதி இந்திரன். மேகங்கள் எல்லாம் அவன் பொறுப்பு. கவனம் மட்டும் வேறெங்கோ. கௌதம முனிவர் ஆசிரமத்துப் பக்கம் ராத்திரியில் போய், உடம்பெல்லாம் ஆயிரம் அடையாளத்தோடு திரும்பியவன். ஆயர்பாடியில் படையலை நிறுத்தியதற்குக் கோபித்துக்கொண்டு ஏழு நாள் கொட்டித் தீர்த்து, ஒரு மாட்டுக்காரப் பையன் மலையைக் குடையாகப் பிடித்ததும் வாயடைத்துப் போனவனும் அவனே.

இவனிடம் போய் நின்றார்கள் நம் மூவேந்தர்கள். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். நாட்டில் பஞ்சம். அகத்தியர் வழிகாட்ட, மூவரும் விரதமிருந்து வானுலகம் போகிறார்கள். சேரனும் சோழனும் காட்டிய இடத்தில் அடக்கமாக உட்கார்ந்து, மழை கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். உக்கிரபாண்டியன் மட்டும் நேரே போய் இந்திரனுக்குச் சமமாக அவன் ஆசனத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கடுப்பான இந்திரன், பல பேர் சேர்ந்து தூக்கவேண்டிய முத்தாரம் ஒன்றைப் பரிசு என்ற பெயரில் கொடுத்தான். கழுத்து ஒடியட்டும் என்ற நல்லெண்ணம். பாண்டியன் பூமாலை மாதிரி அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, எதற்கு வந்தோமோ அதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டான். மதுரைக்காரன் வீறாப்பு! சேர நாட்டிலும் சோழ நாட்டிலும் மழை. பாண்டி நாட்டில் வெயில்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பாண்டியன் பொதிய மலைப்பக்கம் வேட்டைக்குப் போனபோது நாலு மேகங்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. பிடித்து விலங்கு மாட்டிச் சிறையில் போட்டான். இந்திரன் படையெடுத்து வந்தான். பாண்டியன் வீசிய வளை அவன் மகுடத்தைச் சிதறடித்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். சண்டையில் ஆகாததை ஓலையில் முடிக்கலாம் என்று, “மேகத்தை விடு, மழை பெய்விக்கிறேன்” என்று எழுதி அனுப்பினான் தேவராஜன். அவன் வாக்கை யார் நம்புவது? கடைசியில் ஒரு வேளாளர் ஜாமீன் நின்ற பிறகே மேகங்கள் வெளியே வந்தன. தேவர்களின் அரசனுக்கு ஓர் உழவன் ஜாமீன்! தமிழன் தெய்வத்தின்மேல் வைத்த மரியாதை எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்பதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டில் தெரிந்துவிடும்.

மிரட்டி வாங்குவது நம் சொத்து மட்டுமல்ல. சீனத்தில் மழை பொய்த்தால் நாகராஜன் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து கொளுத்தும் வெயிலில் வைப்பார்கள். ‘நீயும் கொஞ்சம் காய்ந்து பார்’ என்று அர்த்தம். மெக்சிகோவில் த்லாலோக் என்று ஒரு மழைத் தேவன். கோவாத்லிஞ்சான் கிராமத்தில் அவனுடையது என்று சொல்லப்படும் 168 டன் கற்சிலை ஒன்று படுத்துக் கிடந்தது. தலைநகரத்து அருங்காட்சியகத்துக்கு வேண்டுமென்று 1964-ல் அரசாங்கம் கிளப்பியபோது, ஊர்க்காரர்கள் வண்டியைப் பழுதாக்கித் தடுத்தார்கள், ராணுவம் வந்தது. ஏப்ரல் 16-ல் சிலை மெக்சிகோ சிட்டிக்குள் நுழைந்தது. மழைக்காலமே இல்லை, ஆனாலும் கொட்டியது பாருங்கள், பேய்மழை. த்லாலோக்குக்கு ஊர் மாற்றம் பிடித்ததா, பிடிக்காமல் அழுதானா என்று இன்றுவரை வழக்கு தீரவில்லை.

இவர்கள் எல்லோருடைய மனுவிலும் வாசகம் ஒன்றே: மழை வேண்டும். இங்கேதான் எங்கள் கதை கோணலாகிறது.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கப்பலேறினார்கள். ரப்பரும் அவர்களுக்காகக் காத்திருந்தது: 1896-ல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டதிலிருந்து மலாக்கா மண் பால்மரக் காடாகிக்கொண்டிருந்தது. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்கள், வரும்போது மாரியம்மனையும் மறக்காமல் கூட்டிவந்தார்கள். எங்கே? வருஷத்துக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊருக்கு! அவள் ஊரில் அதில் பாதி பெய்தாலே பொங்கல் வைப்பார்கள். ஆத்தாவுக்கு இங்கே என்ன வேலை?

வேலை இருந்தது, தலைகீழாக. விடிகாலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கும்போது மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அதைவிடக் கொடுமை, வெட்டி முடித்த பிறகு வருகிற மழை. பாலேந்தும் மங்கு நிரம்பி, பால் பொங்கி வெளியே வழிந்து போகும். மிச்சத்தை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போனால், கிராணி கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, “என்னம்மா, தண்ணி ஜாஸ்தியா இருக்கு?” என்பார். கலப்படம் செய்தவள் மேலே இருக்கிறாள்; திருட்டுப் பார்வை கீழே நிற்கிறவளுக்கு.

மழை நாளுக்குக் கூலியில்லை என்ற இந்தக் கணக்கை மாற்றி மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் கேட்டதெல்லாம் பல பத்தாண்டுக் கதை. அதுவரை துரையிடம் கேட்க முடியாததை ஆத்தாவிடம் கேட்டார்கள். அவளுக்குத் திருவிழா என்றாலும் முதல் கவலை மழை. மலாய்க்காரர்கள் கல்யாணத்துக்கு மழை கட்டும் பாவாங்கைக் கூப்பிடுவார்கள். ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி மண்ணில் நடும் வழக்கமும் உண்டு. மழைக்காரியின் திருவிழாவுக்கே மழை வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள். அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

மலாக்கா செட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள். எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள் அல்லவா! காஜா பேராங்கில் இருக்கிற அவர்கள் முத்துமாரியம்மனுக்கு எடுக்கிற விழாவுக்கு ‘டத்தோ சாச்சார்’ என்று பெயர். சாச்சார் என்றால் அம்மை. மழை இலாகாவை விட்டு ஆத்தாவைச் சுகாதார இலாகாவுக்கு மாற்றி, அரசாங்கத்தைக் கேட்காமலே டத்தோ பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் எதிர்மனுக்களையும் ஆத்தா ஒருநாள் படித்துவிட்டாள் போலிருக்கிறது. 1991-ல் மொத்தமாக உத்தரவு போட்டாள். டுரியான் துங்கல் அணை வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்தது. மலாக்கா முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு. வாளியும் குடமுமாக ஜனம் லாரிக்குக் காத்துக் கிடந்தது. பால் வாளியில் மழைத்தண்ணி விழுந்ததற்கு அழுதவர்கள், காலி வாளியைப் பார்த்து அழுதார்கள். இன்றைக்கும் மலாக்கா ஜொகூரிலிருந்து, கிரிசேக்கில் மூவார் ஆற்றுத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறது.

இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக்கு மழை வேண்டும். வேண்டிக்கொள்ளத் தோட்டத்தில் ஆள்தான் இல்லை. பாதிப் பேர் டவுனில், மீதிப் பேர் சிங்கப்பூரில். திருவிழாவுக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இனிமேல் ஆத்தாவிடம் பொத்தாம்பொதுவாக ‘மழை வேண்டாம்’ என்று சொல்லித் தொலைக்காதீர்கள். ஊர், தேதி, நேரம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அணை டுரியான் துங்கலில் இருக்கிறது. அங்கே பெய்யட்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.