பந்திக்கு முந்து, கடைக்குப் பிந்து

எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்புக்கு வயது 9. காலையில் அதன் பவர் பட்டனை அழுத்திவிட்டுத்தான் என் மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றுவாள். மூன்றாவது விசிலுக்குத் திரை வரும். நான்காவது விசிலுக்கு மவுஸ் அசையும். பேட்டரி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே மூச்சு நிற்கும். பிளக் பாயின்டை விட்டு நகராததால், மடிக்கணினி என்று பெயரே தவிர, யார் மடியையும் அது கண்டதில்லை.

அதையும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால், ‘இந்தக் கணினிக்குத் தகுதி போதாது’ என்று அது கையை விரித்துவிட்டது.

“40,000 ரூபாய்க்குள்ள புதுசு ஒண்ணு வாங்கிடலாம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லியும் கையுமாக அறிவித்தேன். வாயை மூடிக்கொண்டு இட்லியைத் தின்றிருக்கலாம்.

நம் ஊரில் மூட்டுவலிக்கும் லேப்டாப்புக்கும் யோசனை சொல்லத் தெரியாதவர் கிடையாது. முதலில் மைத்துனன் போன் செய்தான். “மாமா, பிராசசர் ஐ5-க்குக் கீழ இறங்கிடாதீங்க.” ஏன் என்று கேட்டேன். “ஐ3-யைவிடப் பெருசு மாமா.” கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஒரு படத்தைக் காட்டினான். கீபோர்டுக்கு அடியில் கோயில் திருவிழா போல ஏழு நிறத்தில் விளக்கெரிந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு, விலை லட்சத்தைத் தொட்டது. “இது எதுக்குடா?” என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னான்: “கெமிஸ்ட்ரி ப்ராஜெக்ட்டுக்குப்பா.”

எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டைப் பிடித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார். “அவசரப்படாதீங்க. ஆடித் தள்ளுபடி வரட்டும்.”

“சார், இப்ப ஐப்பசி நடக்குது.”

“அதனாலதான் அவசரப்படாதீங்கன்னேன்.”

அக்கா வீட்டில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவள் மகளுக்கு ஒன்று கிடைத்தது. ஐ3-யா, ஐ5-ஆ என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் கொடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். யோசனை சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பில்லாமல் வீட்டுக்குள் வந்த லேப்டாப் அது ஒன்றுதான்.

அன்று இரவு மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். “ஏங்க, இதுல நாம என்னதான் செய்யப் போறோம்? சொல்லுங்க, எழுதுறேன்.”

கரண்ட் பில். வருமான வரிக் கணக்கு. நிலத்துக்கு வில்லங்கச் சான்று. கோவையில் படிக்கும் மகளோடு ஞாயிறு வீடியோ கால். பையன் பாடம். விட்டுப்போன சீரியல். பக்கம் பாதிகூட நிரம்பவில்லை.

“வீடியோ எடிட்டிங்” என்றேன், கொஞ்சம் கெத்தாக.

“நீங்க எடுக்கிற வீடியோவுல பாதி உங்க கட்டைவிரல்தான் தெரியுது. அதுல எதை எடிட் பண்ணப் போறீங்க?” என்று கேட்டு நோட்டை மூடினாள்.

மறுநாள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே நாலு பேர் நம் முகத்தைப் பார்த்து, “லேப்டாப்பா சார், சர்வீஸா?” என்று ஜோசியம் சொல்லும் தெரு அது. ஒரு கடையில், “சார், ஐ5! உங்க பட்ஜெட்ல பாதிதான்” என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். மைத்துனன் குரல் காதில் ஒலித்தது. நல்லவேளை, பக்கத்தில் நின்ற மெக்கானிக் பையன் மெல்லச் சொன்னான்: “சார், ஐ5-க்கு அடுத்து இருக்கிற நம்பரைப் பாருங்க.” 7200யூ என்றிருந்தது. ஏழாவது தலைமுறை, அதாவது வீட்டில் இருக்கும் கிழவரின் வயது. பக்கத்தில் புதிதாக இருந்தது ஐ3-1215யூ, பன்னிரண்டாவது தலைமுறை. தாத்தா கலெக்டராகவே இருந்து ஓய்வுபெற்றிருக்கட்டும். ஓட்டப்பந்தயம் என்று வந்தால் பேரன்தான் ஜெயிப்பான்.

ரேம் 4 ஜிபியா, 8 ஜிபியா என்று அடுத்த கேள்வி. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று விதி சொல்கிறது. கல்யாணப் பந்தியில் நாலு நாற்காலி போட்டால் போதும் என்பது போலத்தான் இதுவும். விண்டோஸ் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் முதலில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திறந்த நான்கு டேபும் அவர்கள் நாற்காலிக்குப் பின்னால், எப்போது எழுந்திருப்பார்கள் என்று இலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். 8 ஜிபி என்றால் நம் ஆட்களும் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிடலாம். 8 ஜிபி என்று முடிவானது.

குக்கர் விசில் மர்மமும் அங்கேதான் துலங்கியது. பழைய ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்று, ஒரு முள் தேடித் தேடிப் படிக்க வேண்டும். புதியதில் அதற்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டியில் அசைகிற பாகமே கிடையாது. மூன்று விசிலும் அந்தத் தட்டு சுற்றிய சுற்று.

ஒரே விலையில் இரண்டு மிஞ்சின. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மனைவி முன்னால் வந்தாள். முதல் லேப்டாப்பின் மூடியை இரண்டு மூலையிலும் பிடித்து லேசாக முறுக்கினாள். “அம்மா, அம்மா!” என்று விற்பனைப் பையன் பதறினான். “முருங்கைக்காயையே முறுக்கிப் பாத்துத்தான் வாங்குறோம். 36,000 ரூபா சாமானைப் பாக்கக்கூடாதா?” மூடி கிறீச்சென்றது. கீபோர்டின் நடுவில் தன் பெயரைத் தட்டினாள். பழைய சோபா போல உள்ளே அமுங்கியது. இரண்டாவது லேப்டாப் முறுக்கலுக்கு அசையவில்லை, தட்டினாலும் குழியவில்லை. “இதைக் கட்டுங்க” என்றாள். மைத்துனன், மகன், தலைமையாசிரியர் மூவரும் சேர்ந்து சொன்னதைவிட உருப்படியான சோதனை அது.

வீட்டுக்கு வந்து திறந்ததும் அடுத்த சிக்கல். “எஸ்எஸ்டி 512 ஜிபின்னு சொன்னான், இதுல 476-தான் காட்டுது. எடையில அடிச்சுட்டான்” என்று மனைவி கிளம்பிவிட்டாள். தயாரிப்பவர் 1,000 கணக்கில் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 கணக்கில் வகுக்கிறது, இரண்டும் ஒரே அளவுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை.

இப்போது பட்டனை அழுத்திவிட்டு அடுப்பைப் பற்றவைப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. சாதம்தான் தாமதம்.

லேப்டாப் வாங்கக் கிளம்பும் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். பந்திக்கு முந்துங்கள், கடைக்குப் பிந்துங்கள். முதலில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், லேப்டாப்பில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பக்கம் பாதி நிரம்பவில்லை என்றால் விலையும் பாதி போதும்.