நால்வர் நின்ற ஊரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் அடுத்த தேசியத் தலைவர் யார்? (வாசகர், செமினி)

பதில்: வாக்களிப்பு நாள்வரை காத்திருக்காதீர்கள், வேட்புமனு நாளிலேயே விடை தெரிந்துவிடும்! 2018-இல் தான் ஸ்ரீ விக்னேஸ்வரன் போட்டியின்றித் தலைவரானார்; 2024-இலும் அப்படியே. உங்கள் செமினி சட்டமன்றத் தொகுதிக்கே 2019 இடைத்தேர்தலில் நான்கு பேர் நின்றார்கள். தேசியத் தலைவர் பதவிக்கு ஒரே ஒருவர்!

அடுத்தவர் என்றால் என் கண்ணுக்கு முதலில் தெரிபவர் துணைத் தலைவர் டத்தோஸ்ரீ எம். சரவணன். 2022 பொதுத்தேர்தலில் கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்றத் தொகுதி அவருடைய தாப்பா. மேடைத் தமிழும் கைகொடுக்கும். ஆனால் கைதட்டுபவர்கள் வேட்புமனுவில் கையெழுத்திட வேண்டுமே! போட்டி நடந்த காலமும் உண்டு: 1989-இல் அன்றைய தலைவர் சாமிவேலுவை எதிர்த்து டத்தோ எஸ். சுப்ரமணியம் நின்றார், தோற்றார். ஆனாலும் கிளைத் தலைவர்களின் வாசற்கதவை இரு தரப்பும் தட்டின. அந்தத் தட்டல் மறுபடியும் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.